சிறு முதலில் இறைச்சிக் கோழி வளர்த்தல்

ஒரு குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குக் கிழமைதோறும் ஒருமுறையேனும் ஊனுணவு அளிக்க விரும்பின், பெரும்பொருள் செலவிடாது அதனைத் தம் வீட்டெல்லைக்குள்ளேயே பெறுதற்குரிய வழி கோழி வளர்த்தலேயாம். ஆட்டிற்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். மீனிற்குக் குளம் வேண்டும். மாட்டிற்கு இவற்றினும் மிக்க முதல் வேண்டும். கோழிக்கோ ஒரு சிறு புறக்கடையும், இரவில் அடைத்தற்கு ஒரு கூடும், காலையும் மாலையும் சிறிது நேரக் கவனமும் இருப்பின் அமையும். ஒரு கோழியின் இறைச்சி ஒரு குடும்பத்தின் ஒரு நாளைச் சமையலுக்கு அளவாயிருத்தலின், எஞ்சியதைக் காத்துவைக்கும் தொல்லையும் இல்லை. இதனை நம் நாட்டில் அறியாதார் இலர்.

அறிந்திருந்தும், ஆர்வத்தோடு தொடங்கினோருள் பலர் ஓராண்டு கழியுமுன் வெறுங்கூட்டைப் பார்த்து, “இது நமக்கு ஆகிவரவில்லை” என்று கைவிடுதலைக் காண்கின்றோம். ஆகிவாராமைக்குக் காரணம் ஊழன்று. சிக்கனம் செய்ய வேண்டிய இடம் எது, செய்யலாகாத இடம் எது என்னும் பகுத்துணர்ச்சி இல்லாமையே காரணமாகும். சிக்கனம் என்றவுடன் தீனியைக் குறைத்தலே பலர் நினைவிற்கு வருகின்றது. ஆயின், வீட்டுக்கோழி வளர்ப்பில் பொருள் பெரிதும் கரைந்துபோகும் வாயில் குஞ்சுகளின் சாவேயாகும். அவ்வாயிலை அடைத்தலே முதற் சிக்கனம். ஏனைய யாவும் அதற்குப் பிற்பட்டன. இதனை விளக்கி, அதற்கேற்ற முறைகளை ஒவ்வொன்றாகக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. சாவும் செலவும்

இறைச்சிக்கெனவே கோழி வளர்க்கும் பெருந்தொழில் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்காவில் அத்தொழிலின் தொடக்கமாகக் கூறப்படுவது ஓர் இல்லத்தரசியின் புறக்கடை என்பது பலர் அறியாத செய்தி. டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் சிற்றூரில் வாழ்ந்த செசில் ஸ்டீல் என்னும் அம்மையார், முட்டைக்கெனச் சில கோழிகளை வளர்த்து வந்தார். 1923-ஆம் ஆண்டில் அவர் 50 குஞ்சுகள் கேட்க, பொரிப்பகத்தார் பிழையாக 500 குஞ்சுகளை அனுப்பிவிட்டனர். அம்மையார் அவற்றைத் திருப்பி அனுப்பாது இறைச்சிக்கென வளர்த்தார். ஒவ்வொன்றும் இரண்டு இறாத்தல் அளவிற்கு வளர்ந்தபோது, இறாத்தல் 62 சென்ட் வீதம் விற்றார். அவ்வாறு விற்கப்பட்டவை 387 கோழிகள். அடுத்த ஆண்டில் அவர் ஆயிரம் குஞ்சுகள் வாங்கினார். 1926-இல் பதினாயிரம் கோழிகள் அடங்கும் கொட்டில்கள் அவருக்கு இருந்தன.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது எதிர்பாராது வந்த ஐந்நூறு குஞ்சுகளை அன்று. இறுதியில் எஞ்சிய 387 என்னும் எண்ணையேயாம். நூற்றுக்கு எழுபத்தேழு குஞ்சுகள் தேறின. ஆதலின் ஊதியம் கிடைத்தது. நூற்றுக்கு முப்பதே தேறியிருப்பின், அவ்வம்மையாரின் முதல் முயற்சியே இறுதி முயற்சியும் ஆகியிருக்கும்.

இனி இதனை நம் வீட்டுக் கணக்கிற் பொருத்திப் பார்ப்போம். ஓர் அடைக்கோழி பத்துக் குஞ்சுகளைப் பொரித்தது என்க. அடைவைத்த முட்டைகளின் விலை, அடைக்கோழி உண்ட தீனி, குஞ்சுகளின் முதல் நான்கு கிழமைத் தீனி, மருந்து ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து 600 ரூபாய் செலவாயிற்று எனக் கொள்வோம். இத்தொகை விளக்கத்திற்கென எடுத்துக்கொண்டதே. மூன்று குஞ்சுகளே பிழைப்பின், ஒவ்வொன்றின் தலையிலும் 200 ரூபாய் ஏறுகின்றது. எட்டுப் பிழைப்பின் 75 ரூபாயே ஏறுகின்றது. பின்னர் ஒவ்வொரு கோழியும் அறுக்கும் பருவம் வரை 150 ரூபாய்த் தீனி உண்ணுமாயின், அத்தீனியிற் பத்திலொரு பங்கைக் குறைத்து நாம் மிச்சம் பிடிப்பது கோழிக்கு 15 ரூபாய். குஞ்சுகளைக் காத்தலால் மிச்சமாவதோ கோழிக்கு 125 ரூபாய். எவ்விடத்திற் கருத்தைச் செலுத்த வேண்டுமென்பது இதனால் தெற்றென விளங்கும்.

இன்னுமொன்று உண்டு. மூன்றாம் நாளிற் சாகும் குஞ்சு தன் விலையை மட்டுமே கொண்டுபோகின்றது. பத்தாங் கிழமையிற் சாகும் கோழியோ, அதுவரை தான் உண்ட தீனி முழுவதையும் உடன் கொண்டுபோகின்றது. ஆகவே பாதி வளர்ந்த கோழியைக் கொல்லும் நோய், குஞ்சைக் கொல்லும் குளிரினும் பொருட்கேடு மிக்கது. இவ்விரண்டிற்கும் தனித்தனியே காப்புத் தேட வேண்டும்.

2. ஏற்ற இனம்

இறைச்சிக் கோழி வளர்க்கப் புகுவார் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, “கோழி உண்ணும் தீனி முழுவதையும் நாம் விலைக்கு வாங்கப் போகின்றோமா, அன்றி நம் புறக்கடையே ஒரு பங்கைத் தருமா?” என்பதாம். இனத்தைத் தெரிந்தெடுத்தல் இவ்வினாவின் விடையைப் பொறுத்தது.

பிராய்லர் எனப்படும் கறிக்கோழி, கார்னிஷ், வெள்ளைப் பிளைமவுத் ராக் என்னும் இனங்களின் வழியில் பல தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டு உருவாகியது. அஃது ஏறக்குறைய ஆறு கிழமையில் 2 கிலோ எடை எய்தும். அதற்கு உண்பது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தீனி. நாட்டுக்கோழி 1.2 கிலோ எடை எய்துவதற்குப் பதினான்கு முதல் பதினாறு கிழமைகள் ஆகும். முழுவதும் தீனியிட்டு அடைத்து வளர்ப்பின், ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய நான்கு கிலோ தீனி உண்ணும். தீனி முழுவதையும் கடையில் வாங்குவோர்க்கு, எடைக்கணக்கில் நாட்டுக்கோழி செலவு மிக்கதே. இதனை மறைத்தல் நேர்மையன்று.

ஆயின் கறிக்கோழி, கலவைத்தீனி நாள்தோறும் தவறாது கிடைப்பின் மட்டுமே அவ்வாறு வளரும். மேய்ந்து இரைதேடும் திறன் அதற்குக் குறைவு. கோடை வெப்பத்தைத் தாங்காது வாய்பிளந்து மூச்சிரைத்து மாளும். அடைகாத்து வழிமுறை பெருக்கும் இயல்பும் அதற்கில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை விலைக்கு வாங்குதல் வேண்டும். நாட்டுக்கோழியோ புழு, பூச்சி, புல்விதை, இளந்தளிர், சிந்திய தானியம், சமையலறைக் கழிவு ஆகியவற்றால் தன் உணவில் ஒரு பெரும் பங்கைத் தானே தேடிக்கொள்ளும். அப்பங்கிற்கு விலையில்லை. மேலும் நாட்டுக்கோழி இறைச்சி சந்தையில் உயர்ந்த விலைக்கு விற்கின்றமையின், எஞ்சியவற்றை விற்போர்க்கும் அது நன்று.

நாட்டுக்கோழிகளுள் சிறுவிடை, பெருவிடை எனும் பகுப்பு யாவரும் அறிந்ததே. சிறுவிடை உடலாற் சிறியது. ஆயினும் பொறுமையாக அடைகாத்துக் குஞ்சுகளைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கும். பெருவிடை உடலாற் பெரியது, சண்டைக்கோழி மரபினது. சிறுவிடைப் பெட்டைகள் மூன்று நான்கையும், நல்ல உடற்கட்டுள்ள பெருவிடைச் சேவல் ஒன்றையும் சேர்த்து வளர்ப்பின், தாயின் பேணுதலும் தந்தையின் உடற்பருமனும் குஞ்சுகளிடத்து ஒருங்கே பயன்படும். இரண்டாண்டிற்கு ஒருமுறை சேவலை வேற்றூர்ச் சேவலாக மாற்றுதல் வேண்டும். இல்லையேல் நெருங்கிய இரத்தக் கலப்பால் முட்டை பொரியாமையும் குஞ்சு நலிவும் நேரும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி என்பனவும், ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய வனராஜா என்பதும் புறக்கடைக்கேற்ற மேம்பட்ட இனங்களாம். இவை நாட்டுக்கோழியினும் விரைந்து எடைகூடும். ஆயினும் இத்தகைய மேம்பட்ட இனங்களிடத்து அடைகாக்கும் இயல்பு குறைவாதலின், அவற்றின் முட்டையைப் பொரிக்க ஒரு சிறுவிடைக் கோழியையும் உடன் வைத்திருத்தல் அறிவுடைமை.

3. அடைவைத்தல்

அடைவைக்கும் முட்டை புதியதாயிருத்தல் வேண்டும். ஒரு கிழமைக்கு மேற்பட்டது ஆகாது. கோடையில் நான்கைந்து நாளைக்கு மேற்பட்டதும் ஆகாது. மிகப் பெரியது, மிகச் சிறியது, கீறல் விழுந்தது, அழுக்கேறியது ஆகியவற்றை விலக்குக. முட்டையைக் கழுவலாகாது, கழுவின் ஓட்டின்மீதுள்ள மெல்லிய காப்புப்பூச்சு நீங்கி நோய்க்கிருமி உட்புகும். சேர்த்துவைக்கும் நாட்களில், ஈரமணலின் மேல் வைத்த மண்பானையுள், கூர்முனை கீழாக அடுக்கி வைத்தல் நன்று.

ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் போதும். மிகுதியாக வைப்பின் ஓரத்து முட்டைகள் சூடுபெறாது கெடும். அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைப்பது நம்மவர் வழக்கம். அதனால் தீங்கில்லை, ஆயினும் அதனினும் பயனுடையது கோழியைப் பேனின்றி வைத்தல். பேன் பற்றிய கோழி முட்டைமேல் நிலைத்திராது. அடைவைக்கு முன் அது சாம்பலிலும் உலர்ந்த மண்ணிலும் புரண்டு குளிக்க இடங்கொடுத்தல் வேண்டும். தீனியும் நீரும் அருகில் இருப்பின், அது முட்டையை நெடுநேரம் பிரிந்திராது.

ஏழாம் நாள் இரவில் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளியிற் பார்க்க. உள்ளே சிலந்திவலை போன்ற செந்நரம்புகள் தோன்றின் கரு உண்டு. தெளிவாகத் தோன்றின் கருவில்லை. கருவில்லாதவற்றை நீக்கிவிடின், எஞ்சியவை நன்கு சூடுபெறும். இருபத்தோராம் நாளிற் குஞ்சுகள் வெளிவரும். ஓடு உடைக்கும் குஞ்சிற்கு உதவுவதாக எண்ணி நாமே ஓட்டைப் பிரித்தல் கூடாது.

4. முதல் நான்கு கிழமை

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பது பழமொழி. தாயின் காலால் வாராத கேடு நம் பாராமையால் வருகின்றது. குளிர், ஈரம், பருந்து, காக்கை, பூனை, கீரி, பாம்பு என்னும் இவையே முதல் நான்கு கிழமையிற் குஞ்சுகளின் பகைவர். தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்க முயலும் கோழியைத் திருமறையும் அன்பிற்கு உவமை காட்டும். அச்சிறகின் வேலை யாது? வெப்பமும் மறைவும் அளித்தலே. தாயோடு வளர்ப்பினும், தாயின்றி வளர்ப்பினும், நாம் செய்ய வேண்டுவது அவ்விரண்டுமேயாம்.

தாயோடு வளர்ப்பவர், முதலிரு கிழமை தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தினுள் அடைத்து, அங்கேயே தீனியும் நீரும் வைத்து, பின்னரே சிறிது சிறிதாக வெளியே விடுதல் வேண்டும். பொரித்த மறுநாளே ஊர்சுற்றவிடும் வழக்கத்தாலேயே குஞ்சுகள் மிகுதியும் மடிகின்றன.

தாயின்றி வளர்ப்போர் விளக்கு வெப்பம் அளித்தல் வேண்டும். தகரத்தாலோ தடித்த அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமான தடுப்பு அமைக்க. மூலைகள் இருப்பின் குஞ்சுகள் அங்கே நெருக்கியடித்து நசுங்கிச் சாகும், வட்டத்தில் அவ்வாபத்தில்லை. தரையில் நெல்லுமி அல்லது கடலைத்தோல் இரண்டு மூன்று அங்குலக் கனத்திற் பரப்பி, முதற்சில நாள் அதன்மேற் செய்தித்தாள் விரித்து வைக்க. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் வீதம், இருபத்தைந்து குஞ்சுகளுக்கு ஓர் 60 வாட் பழைய இழைவிளக்கு ஏற்றது. எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பந் தாராது. மின்செலவு குறையுமென்று அதனை மாட்டினோர் குஞ்சுகளை இழப்பர்.

முதற் கிழமையில் விளக்கினடியில் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர்க் கிழமைதோறும் மூன்று பாகையளவு குறைத்துவரலாம். வெப்பமானி இல்லாதார் குஞ்சுகளையே பார்த்தறிக. அவை விளக்கினடியில் ஒன்றன்மேலொன்று குவிந்து கீச்சிடின், குளிர் மிகுந்ததென்பது பொருள், விளக்கைத் தாழ்த்துக. விளக்கை விட்டகன்று ஓரத்தில் வாய்பிளந்து நிற்பின், வெப்பம் மிகுந்ததென்பது பொருள், விளக்கை உயர்த்துக. வட்டமெங்கும் பரவி உண்டும் உறங்கியும் இருப்பின், வெப்பம் அளவாயுள்ளது. இம்மூன்று நிலையையும் கண்டறியக் கற்றுக்கொண்டவர்க்கு வேறு கருவி வேண்டா.

நீர் வைக்கும் தட்டு ஆழமில்லாததாயிருத்தல் வேண்டும். அதிற் சில கூழாங்கற்களை இட்டுவைப்பின் குஞ்சுகள் மூழ்கிச் சாகா. நீர் சிந்தி ஈரமான கூளத்தை அன்றன்றே அகற்றி உலர்ந்ததை இடுக. நான்காங் கிழமை வரை குஞ்சொன்றுக்கு அரைச் சதுர அடி இடம் போதும். பின்னர் வளர வளர, கோழியொன்றுக்கு இரண்டு சதுர அடி இருத்தல் நன்று. இடத்தை நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும். நோயும் விரைந்து பரவும்.

5. தீனி

தீனியிற் சிக்கனம் செய்தற்கும் முறையுண்டு. குஞ்சு சிறிதாயிருக்கும்போது உண்பது மிகக் குறைவு. நாட்டுக்கோழிக் குஞ்சு முதல் நான்கு கிழமையில் உண்பது மொத்தம் ஏறக்குறைய அரைக் கிலோவே. அப்பருவத்தில் உயர்ந்த தீனி கொடுப்பதால் செலவு சிறிதே கூடும். பயனோ வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆகையால் முதல் நான்கு கிழமைக்குக் கடையில் விற்கும் குஞ்சுத்தீனியை வாங்கியிடுதலே சிக்கனம். அதன்பின் வீட்டுக் கலவைக்கு மாற்றலாம்.

வீட்டுக் கலவை பத்துக் கிலோ செய்தற்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு அல்லது சோளம் 5 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு அல்லது சோயாப் பிண்ணாக்கு 2 கிலோ 300 கிராம், உப்பிடாத மீன்தூள் 900 கிராம், தாதுக்கலவை 200 கிராம், கிளிஞ்சல் தூள் 100 கிராம். இக்கலவையில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பங்கு புரதம் அமையும். உப்புக் கருவாட்டை இடித்துச் சேர்த்தல் தீது. உப்பு மிகின் குஞ்சுகள் நீர்வேட்கையுற்றுக் கழிந்து மாளும்.

பழஞ்சோறும் குருணையும் மட்டும் இட்டு வளர்ப்போர், வயிறு நிரம்பியும் கோழி வளரவில்லையே என்று வருந்துவர். அவற்றில் மாவுப்பொருள் உண்டு. தசையை ஆக்கும் புரதம் மிகச் சிறிது. அக்குறையை விலையின்றி நிரப்பும் வழிகள் நம் நாட்டில் உண்டு. பழைய பானையொன்றில் கிழிந்த சாக்கு, உலர்ந்த சாணம், வைக்கோல் முதலியவற்றை இட்டு நீர்தெளித்து, செம்மண் நிலத்தில் மாலையிற் கவிழ்த்து வைப்பின், மறுநாட்காலையில் அதனுட் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதனினும் இனிய விருந்தில்லை. சிறு தொட்டியில் நீர்தேக்கி அசோலா என்னும் நீர்ப்பாசி போன்ற செடியை வளர்ப்பின், உலர்ந்த நிலையில் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் குறையாத புரதமுடைய பசுந்தீனி நாள்தோறும் கிடைக்கும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவற்றையும் நறுக்கியிடலாம். ஆயினும் பசுந்தீனி துணையுணவே. அதனைமட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

தீனிக்கலத்தை மூன்றிலொரு பங்கே நிரப்புக. விளிம்பு கோழியின் முதுகு மட்டத்திற்கு இருக்குமாறு தூக்கி வைக்க. தரையோடு வைத்து விளிம்புவரை நிரப்பின், கோழி காலாற் கிளறிச் சிந்துவது உண்பதற்கு நிகராகிவிடும்.

மலிவாகக் கிடைக்கின்றதென்று பூஞ்சைபிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் வாங்குவார் உளர். இதன் தீங்கை உலகம் ஒருமுறை பெருவிலை கொடுத்து அறிந்தது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாது மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிற் பற்றிய பூஞ்சையின் நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அந்நஞ்சிற்கு அஃபலாடாக்சின் என்று பெயரிட்டனர். அஃது ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் எளிதில் அழியாது. ஆகவே பச்சையாகவோ கருமையாகவோ பூத்த தீனி இலவசமாகக் கிடைப்பினும் வேண்டா.

6. நோய்

வீட்டுக்கோழிகளை ஒரே கிழமையில் துடைத்தழிப்பது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோயாம். 1926-ஆம் ஆண்டளவில் சாவகத்திலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரப்புறத்திலும் காணப்பட்ட இந்நோய், பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் தோன்றி, இந்தியாவில் அவ்வூர்ப் பெயரையே பெற்றது. வெண்மையும் பசுமையும் கலந்த கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல், கால் முடங்கல் என்பன அதன் குறிகள். வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. வருமுன் காத்தலொன்றே வழி.

முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1940-ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட தடுப்பு மருந்துவகை இன்றளவும் நம் நாட்டிற் பயன்பட்டு வருகின்றது. பொதுவாகக் கைக்கொள்ளப்படும் முறை இது: குஞ்சு பிறந்த ஏழு நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காங் கிழமையில் மீண்டும் ஒருமுறை, எட்டாங் கிழமையில் இறக்கையின் தோலடியில் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியிற் கொண்டுவந்து, வெயில் படாது வைத்து, கலந்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் இட்டு முடித்தல் வேண்டும். வெப்பம் பட்ட மருந்து வெறும் நீரே. அரசின் கால்நடை மருந்தகங்களில் இதனைக் கேட்டறியலாம். நோயுற்ற கோழிக்கு ஊசி போடுவதாற் பயனில்லை. நலமாயிருக்கும்போதே போடுதல் வேண்டும்.

கூளம் ஈரமாயிருப்பின் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். உலர்ந்த கூளமே அதற்குத் தலையாய மருந்து. வந்துவிடின் கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை நீரிற் கலந்து கொடுக்க. கொசுவாற் பரவும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. மேயும் கோழிகளுக்குக் குடற்புழு நீக்கும் மருந்தை மருத்துவர் சொற்படி அளித்துவருக.

மனிதர்க்குரிய மாத்திரைகளைப் பொடித்துக் கோழிகளுக்கு இடும் வழக்கம் அடியோடு ஒழியத்தக்கது. உயிர்கொல்லி மருந்துகளைக் கண்டபடி இடின், அம்மருந்திற்கு அடங்காத கிருமிகள் பெருகி, நாளை நம் பிள்ளைகளின் நோய்க்கு மருந்தில்லாமற் செய்துவிடும். இவ்வச்சத்தினாலேயே கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்குரிய விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இடுதலை இந்திய அரசு 2019-ஆம் ஆண்டில் தடைசெய்தது. மருத்துவர் மருந்து அளிப்பின், அதன்பின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாமென்பதையும் அவரிடமே கேட்டறிக.

கோழிகள் பல ஒருங்கே திடீரென்று மடியின், அவற்றை உண்ணுதலும், விற்றலும், குப்பையிலோ நீர்நிலையிலோ எறிதலும் பெருங்கேடு விளைக்கும். பறவைக்காய்ச்சல் 2006-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முறையாக வெளிப்பட்டது. அதன்பின்னும் பல மாநிலங்களில் தோன்றியுள்ளது. ஐயுற்றவுடன் கால்நடைத் துறையார்க்கு அறிவித்தல் நம் கடமை. ஏனை நோயால் இறந்தவற்றை ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க.

7. அறுக்கும் பருவம்

கோழி உண்ணும் தீனியில் ஒரு பங்கு உயிரைத் தாங்குதற்கும், எஞ்சிய பங்கு உடலை வளர்த்தற்கும் செல்கின்றது. இளமையில் வளர்ச்சிப் பங்கு மிகுதி; வயது ஏற ஏற அது குறையும். நாட்டுச்சேவலைப் பதினான்கு முதல் பதினாறு கிழமைக்குள் அறுத்தல் கணக்கிற்கு ஏற்றது. அதன்பின் அது நாள்தோறும் உண்டு, எடையிற் சிறிதே கூடும், இறைச்சியும் கடினமாகும். திருநாளுக்கென்று எட்டுத் திங்கள் வைத்திருந்து அறுக்கும் சேவல், பார்வைக்கு அழகியது, கணக்கிற்கு இழப்பு.

திருநாளை முன்வைத்து நாளெண்ணி அடைவைத்தலே தக்கது. டிசம்பர் 25-ஆம் நாள் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குப் பதினாறு கிழமைக் கோழி வேண்டின், செப்டம்பர்த் தொடக்கத்திற் குஞ்சு பொரிய வேண்டும். அதற்கு ஆகஸ்டுத் திங்கள் நடுவில் அடைவைத்தல் வேண்டும். பொங்கலை அடுத்த கரிநாளுக்கு வேண்டின், செப்டம்பர் முதற் கிழமையில் அடைவைக்க. முன்னதில் மற்றொரு நன்மையும் உண்டு: ஐப்பசி மழை தொடங்கும்போது குஞ்சுகள் ஆறு கிழமை கடந்து, இறகு முளைத்து, ஈரத்தைத் தாங்கும் வலிமை பெற்றிருக்கும்.

அறுப்பதற்கு முன் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீனியை நிறுத்தி, நீரை மட்டும் வைக்க. குடல் வெறுமையாயிருப்பின் இறைச்சி தூய்மையாக அமையும். துரத்திப் பிடித்து அச்சுறுத்தாது, இரவிலேயே மெல்லப் பிடித்துத் தனியே வைத்தல் இரக்கமும் ஆகும், இறைச்சிக்கும் நன்று. கத்தி கூரியதாயிருத்தல் வேண்டும். நம் பொருட்டு உயிர் விடும் சிற்றுயிர்க்கு நாம் செய்யக் கடவது, இருக்குமளவும் நோயும் பசியுமின்றி வைத்தலும், இறக்குங்கால் துன்பத்தைச் சுருக்குதலுமாம். பச்சை இறைச்சி பட்ட பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுக. இறைச்சியை உள்வரை நன்கு வேகவைத்தே உண்க.

8. கூடிச்செய்தல்

ஒரு பழைய பயிற்சிப்புத்தகத்தில், பொரித்த குஞ்சு இத்தனை, இறந்தவை இத்தனை, இறந்த நாளும் காரணமும் இவை, வாங்கிய தீனி இவ்வளவு, அறுத்தபோது எடை இவ்வளவு என்று எழுதிவருவோர்க்கு, ஓராண்டிற்குள் தம் பொருள் எவ்வாயிலாற் போகின்றதென்பது தெளிவாகும். பள்ளியிற் படிக்கும் சிறுவரே இக்கணக்கை எழுதலாம். அஃது அவர்க்கு நல்ல கணிதப் பாடமும் ஆகும்.

இறுதியாக ஒன்று. ஒரு வீட்டில் இருப்பவை பத்துக் குஞ்சுகள். இராணிக்கேட் மருந்துப்புட்டியோ நூறு கோழிக்கும் அதற்கு மேற்பட்டவற்றிற்கும் உரிய அளவிலேயே வருகின்றது. திறந்தபின் அதனை மறுநாளுக்கு வைத்திருத்தலும் இயலாது. தனித்த வீட்டார்க்கு அது வீண்செலவாகத் தோன்றி, “அடுத்த முறை பார்ப்போம்” என்று விட்டுவிடுகின்றனர். அடுத்த முறைக்குள் கூடு வெறுமையாகின்றது. ஒரு தெருவிற் பத்து வீட்டார் ஒருநாளைக் குறித்துக்கொண்டு கூடின், ஒரு புட்டி அனைவர்க்கும் போதும். வீட்டிற்கு விழும் செலவோ மிகச் சிறிது. அண்டைவீட்டுக் கோழிக்கு நோய்வரின் நம் கோழியும் தப்பாதாதலின், இக்கூட்டுறவு பிறர்க்குச் செய்யும் உதவி மட்டுமன்று. நமக்கே நாம் செய்துகொள்ளும் காவலுமாம்.

இவ்வழி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1920-களில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பாரின் தலைமையிற் கிராமச் சீரமைப்பு நிலையம் நிறுவி, ஏழை மக்களுக்குக் கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் கற்பித்து, முட்டையைக் கூட்டுறவு முறையில் விற்கவும் வழிகாட்டினர். தனித்தனியே எளியவராயிருந்தோர் ஒன்றுசேர்ந்தபோது, ஊரார் மதிக்கும் வருவாய் உடையவராயினர்.

கல்லூரியிற் பயிலும் மாணவர் விடுமுறைக்குத் தம் ஊர் செல்லுங்கால், இதனை மேற்கொள்ளலாகாதோ? பெரிய கொட்டில் வேண்டா, கடனும் வேண்டா, பெரும் இலாபம் வாக்களிப்போரை நம்பி முதலீடு செய்தலும் வேண்டா. தெருவிலுள்ள வீடுகளிற் குஞ்சுகள் எத்தனையென்று எண்ணி, கால்நடை மருந்தகத்தில் மருந்து வரும் நாளைக் கேட்டறிந்து, பனிக்கட்டியில் ஒரு புட்டியைக் கொண்டுவந்து சேர்ப்பின் போதும். அந்த ஒரு காலைப்பொழுதின் உழைப்பால், அத்தெருவின் பல அடுக்களைகளில், திருநாளன்று பிள்ளைகளின் இலையில் ஊனுணவு இருக்கும்.